கொடியில் தொங்கிய நீலச் சட்டை

நெய்யாஃபு,
ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை.

அன்பு மகன் செமிசிக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை லூபே, நாலு பன்றிகள் எல்லாரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் சிட்னியில் திடமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிகிறது, போன வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக உன் கலோலைனே அத்தைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசும் அளவுக்குத் தெம்பு இருக்கிறதே. பெற்றவள் அதற்குப் பிறகு நாலு தடவை கூப்பிட்டாளே, அதை எடுக்கத்தான் உனக்குத் தெம்பில்லை. போகட்டும். எடுத்திருந்தாலும் நான் கத்தியிருப்பேன், நீ 'சிக்னல் போகுதும்மா' என்று வைத்திருப்பாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். புதன்கிழமை விமானத்தில் உன் பெரியப்பா மகன் தோமாசி அங்கே வருகிறான், இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் உன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வம்புக்கெல்லாம் முதல் காரணம் அவன்தான், சுமக்கட்டும்.

நாடக விழாவைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீயே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புயல் வேடம் போட்டு, உடம்பெல்லாம் தென்னை ஓலையைக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து கீழே விழுந்தவன்தானே. ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் மாணவர்களுக்கும் இளம் கலைஞர்களுக்கும் என்று அந்த விழா வந்துவிடுகிறது, ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் ஊரில் உள்ள உடுப்பெல்லாம் என் தையல் மிஷின் தலையில் விழுகிறது. இந்த வருஷம் இரண்டு அரசர்கள், ஒரு திமிங்கிலம், பன்னிரண்டு வீரர்கள், எல்லாருக்கும் நான்தான். திமிங்கிலத்துக்குள் நுழைய வேண்டிய பையன் அளவெடுக்க வரவே இல்லை, கடைசியில் வால் பக்கம் பிரிந்து அவன் கால் தெரிந்தது, அதற்கும் என்னைத்தான் குறை சொன்னார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் அரை மணி நேரம்தான், தாண்டினால் புள்ளியைக் குறைப்போம் என்று கமிட்டிக்காரர்கள் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள், ஆனால் முன்னால் ஒரு ஜெபம், பின்னால் ஒரு ஜெபம், நடுவில் தலைவர் பேச்சு, அதற்கெல்லாம் கடிகாரமே கிடையாது. சரி, இதெல்லாம் வருஷா வருஷம் நான் பாடுகிற பாட்டு.

ஆனால் நீ போன பிறகு வந்த ஒரு வழக்கம் உனக்குத் தெரியாது. நாடகத்தில் காதல் பேச்சு வந்தால் அண்ணன் தங்கை, அக்காள் தம்பி ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கேட்கக் கூடாது என்பது நமக்கு முறை, அது உனக்குத் தெரியும். இந்தச் சின்னத் தீவில் யாருக்கு யார் அண்ணன் தங்கை இல்லை? பெரியப்பா மகன், சித்தி மகள், அவர்களுடைய மாமா பிள்ளைகள் என்று எல்லாரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். ஆகவே மேடையில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் 'நில்லு' என்று ஒரு வார்த்தை கனிவாகச் சொன்னால் போதும், மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். வாசலுக்கு எதிரே உள்ள ஈரப்பலா மரத்தடியில் ஆண்கள் நின்றுகொண்டு மரவள்ளிக்கிழங்கு விலை பேசுவார்கள். காதல் பேச்சு முடிந்ததும் உன் அப்பா ஆலயத்து மர முரசை இரண்டு தட்டு தட்டுவார், எல்லாரும் திரும்ப உள்ளே வருவார்கள். அந்த வேலையை நாலு வருஷமாக அவர்தான் செய்கிறார். உள்ளே முன் வரிசையில் அவருடைய அக்காள், உன் அத்தை, உட்கார்ந்திருப்பார் என்பதால் இவர் எப்படியும் வெளியேதான் நிற்க வேண்டும், நிற்கிறதற்கு ஒரு வேலையாவது இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார்.

இப்போது லூபே விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குப் பத்தொன்பது வயது முடிந்துவிட்டது, நீ போகும்போது பார்த்த பதின்மூன்று வயதுக் குட்டி இல்லை. இந்த வருஷம் அவளே ஒரு நாடகம் எழுதினாள், அவளே நடித்தாள். அவளுடைய ஆசிரியர் ஃபெலேத்தி அதைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்து என்னிடம், "அம்மா, இவ்வளவு வருஷத்துல எந்தப் புள்ளையும் இப்படி எழுதினதில்ல. முதல் பரிசு வந்தா கடல் தாண்டி சுவாவுக்கு மூணு மாசம் நாடகப் பயிற்சிக்கு அனுப்பறாங்க, இவ போகாட்டி வேற யாரு போவா?" என்றார். அன்று முதல் லூபேயின் கால் தரையில் படவில்லை. மீன் சுத்தம் செய்யும்போதும் வசனம், குளிக்கும்போதும் வசனம். இரண்டு மாதம் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. பாதிதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கதையை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீ பார்த்தது நாற்பது விநாடி. மேடையில் ஒரு துணி காயப்போடும் கொடி. கொடியில் ஒரே ஒரு ஆண்பிள்ளைச் சட்டை, நீலம். ஒரு பெண் கூடையோடு வருகிறாள், சுற்றிலும் பார்க்கிறாள், யாரும் இல்லை என்று தெரிந்ததும் அந்தச் சட்டையோடு பேச ஆரம்பிக்கிறாள். "நீ கப்பல் ஏறின அன்னிக்கு நானும் துறைமுகத்துலதான் இருந்தேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னேன். நீ ரெண்டு தடவை திரும்பிப் பாத்தே. பாக்கணும்னு வேண்டிக்கிட்டேன், பாத்துட்டா செத்தே போயிடுவேன்னும் நெனச்சேன்" என்கிறாள். வியாழக்கிழமை முதல் சுற்றில் இந்த இடம் வந்ததுதான் தாமதம், நாற்காலியெல்லாம் கிறீச்சிட்டது. ஆஹா காதல் வந்துவிட்டது என்று மண்டபமே எழுந்து நடந்தது. உன் அத்தை கூட விசிறியை எடுத்துக்கொண்டு, உடம்பைத் தூக்கிக்கொண்டு, தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். நடுவர்கள் மூன்று பேரும், பின் வரிசையில் பத்துப் பன்னிரண்டு பெண்களும், நானும்தான் கடைசி வரை இருந்தோம். கடைசியில்தான் அந்தப் பெண் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே, "ஆறு வருஷமா அம்மா இதைச் சனிக்கிழமை சனிக்கிழமை தொவச்சுப் போடறாங்க. போட ஆளில்லாத சட்டையை எதுக்குத் தொவைக்கறேன்னு நான் கேட்டதில்ல. உங்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல. முறை அப்படி. நல்லா இரு அண்ணா" என்று சொல்கிறாள். அவ்வளவுதான் நாடகம். அது காதல் கதை இல்லையடா. அந்தச் சட்டை உன் சட்டை. மாமரத்தில் ஏறி நீ பையைக் கிழித்துக்கொண்ட அதே நீலச் சட்டை. பெட்டியில் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனாயே, அதைத்தான் நான் சனிக்கிழமைதோறும் துவைக்கிறேன், இப்போது அது ஊருக்கே தெரிந்துவிட்டது. உன் சட்டை உனக்கே அடையாளம் தெரியவில்லையா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ போன முதல் வருஷம் போனில் என்னிடம் கேட்டாய், 'அவ ஏம்மா வழியனுப்பக்கூட வரல' என்று. அவளுக்குத் தலைவலி என்று நான் சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், எனக்கே காரணம் தெரியாது. தண்ணீர்த் தொட்டியின் கதையை இந்த நாடகத்தில்தான் நானும் முதல் தடவையாகக் கேட்டேன். கேட்ட அன்று தைத்துக்கொண்டிருந்த அரசர் உடுப்பின் கை இரண்டும் ஒரே பக்கமாகத் தைக்கப்பட்டுவிட்டது.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். தோமாசி புதுப் போன் வாங்கியிருக்கிறான், அதில் நாடகத்தைப் பிடித்து உனக்குக் காட்டவேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆனால் அவனும் லூபேக்கு அண்ணன் முறைதானே, காதல் பேச்சு வந்ததும் அவன் போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு யோக்கியமாக எழுந்து மரத்தடிக்குப் போய்விட்டான். போன் மட்டும் உள்ளே உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்தது. சாயங்காலம் டேட்டா குறைவாக இருக்கிறது என்று முதல் நாற்பது விநாடியை மட்டும் வெட்டி ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான், போடுவதற்கு முன் தானும் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாதே. நீ அங்கே உட்கார்ந்து அதைத் திறந்தாய். உன் தங்கை ஒரு ஆண்பிள்ளைச் சட்டையைத் தடவிக்கொண்டு செத்தே போயிடுவேன் என்கிறாள். நீயும் யோக்கியன், அண்ணன் பார்க்கக் கூடாது என்று சட்டென்று மூடிவிட்டாய். மூடியவன் நேராக அத்தைக்குப் போன் போட்டாய். தங்கை விஷயத்தில் அண்ணன் வாய் திறக்கக் கூடாது, அப்பாவின் அக்காள்தான் பேசவேண்டும், அதுவும் முறைதான். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை செமிசி. தப்பு செய்திருந்தால் உன்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு ஆறிப்போவேன். நீ செய்தது ஒவ்வொன்றும் சரி. தோமாசி செய்ததும் சரி. எழுந்து போனவர்கள் எல்லாரும் சரி. எல்லாரும் முறையாக நடந்துகொண்டதில் என் பெண்ணின் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தை வந்தார். சாதாரணமாக வரவில்லை, இடுப்பில் அந்தப் பழைய பெரிய பாயைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கட்டுவாரே அது, அதைக் கட்டிக்கொண்டு வந்தார். உன் அப்பா வழக்கம்போலப் பின்வாசல் வழியாகப் பன்றிகளைப் பார்க்கப் போய்விட்டார். அத்தை உட்கார்ந்து, நான் கொடுத்த இளநீரைக் குடித்து முடித்து, பிறகு சொன்னார்: "லவினியா, அண்ணங்காரன் அங்கேருந்து அழாத குறையாப் பேசறான். சிட்னியில நம்ம சபைக்காரங்க மொகத்துல எப்படி முழிப்பேங்கறான். லூபே நாளைக்கு மேடை ஏற வேண்டாம். சொல்லிட்டேன்." அது அவன் சட்டைதான் அண்ணி, நாடகத்தைக் கடைசி வரை கேட்டால் உங்களுக்கே தெரியும் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். "அதை எங்கிட்ட வெவரமா சொல்லாதே, என் தம்பி கொல்லையில நிக்கறான், காதுல விழும்" என்று கையை உயர்த்திவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான், இந்த வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் அவர் வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது, நான் ஹாபாய்த் தீவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், வாயைத் திறக்க எனக்கு என்ன இருக்கிறது. அத்தை போன பிறகு லூபே கொடியை அவிழ்த்துச் சுருட்டிக் கூடையில் வைத்தாள், இஸ்திரி போட்ட உன் சட்டையை என் பெட்டியில் திரும்ப வைத்தாள், சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஃபெலேத்தி ஆசிரியர் ஓடி வந்தார். வேறு ஒரு பெண்ணை வைத்தாவது சனிக்கிழமை போட்டுவிடலாம், நாடகம் மேடையில் நின்றால் போதும், எழுதியவளுக்குப் பேர் வரும் என்றார். வகுப்பில் ஏழு பெண்கள். ஏழு பேரும் கையை விரித்துவிட்டார்கள், ஒருத்திக்கு மண்டபத்தில் மூன்று அண்ணன், ஒருத்திக்கு ஐந்து தம்பி, ஒருத்தியுடைய அண்ணன்தான் விளக்குப் போடுகிறவனே. "இந்த ஊர்ல அண்ணன் தம்பி இல்லாத பொம்பளையா நான் எங்க போய்த் தேடுவேன்?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் அண்ணன் தம்பி இல்லாத பொம்பளை நான்தான். என் அண்ணன்மார் எல்லாரும் ஹாபாயில் இருக்கிறார்கள். அத்தை சொன்னது லூபே மேடை ஏறக் கூடாது என்று, லூபேயின் அம்மா ஏறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. இதை நான் சொன்னதும் ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பத்து நாலு வயது, முட்டி வலி, மூக்குக் கண்ணாடி. "சரிம்மா, கொடியை மட்டும் கொஞ்சம் தாழ்வாக் கட்டிடலாம்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் இறுதிச் சுற்று, மண்டபம் நிரம்பி வழிந்தது. திமிங்கிலம் முடிந்து எங்கள் முறை. லூபே மேடை ஏறவில்லை, திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வசனத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது மேடை இல்லை, தரைதான். நான் கூடையோடு போனேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பு. "லவினியாக்கா, துணியெல்லாம் வீட்டுல காயலியா?" என்று மீன் சந்தைக்காரிகள் கூவினார்கள். நான் சட்டையைத் தொட்டுப் பேச ஆரம்பித்தேன், நீ கப்பல் ஏறின அன்னிக்கு என்று. செத்தே போயிடுவேன் என்ற இடமும் வந்தது. ஒரு நாற்காலி அசைய வேண்டுமே. யாரும் எழுந்திருக்கவில்லை. என்னைப் போன்ற கிழவி ஒரு சட்டையோடு பேசினால் அதில் காதல் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அண்ணன்களும் தங்கைகளும் அப்படியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆலயத்துப் பொருளாளர் ஆடிக்கொண்டே மேடைக்கு வந்து, நடனமாடுகிறவளுக்கு ஒட்டுவதுபோல என் தோளில் ஒரு பண நோட்டை ஒட்டிவிட்டுப் போனார், அதில் எனக்கு வசனம் மறந்து போயிற்று. லூபே பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள், எனக்கு ஒரு காது மந்தம், விழவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். பிறகு என் வாயில் என்ன வந்ததென்றால், "எங்கண்ணன் தென்னை மரத்துலேருந்து விழுந்து ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தான். நான் தினமும் கஞ்சி வச்சுக் குடுத்தனுப்பினேன். ஒரு நாளும் வாசலைத் தாண்டி உள்ள போகல. கஞ்சி ருசியா இருந்துச்சான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது." இது லூபே எழுதியது இல்லை. இது என் அண்ணனும் நானும். எப்படி வந்தது என்று கேட்காதே. சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு லூபேயின் வசனம் தானாக வந்தது. சட்டையை மடித்து, நல்லா இரு அண்ணா என்று சொல்லும்போதுதான் அது தங்கை அண்ணனிடம் பேசும் பேச்சு என்று மண்டபத்துக்குப் புரிந்தது. அப்போது எழுந்து போக நேரமில்லை, எல்லாம் காதில் விழுந்தாயிற்று. ஒருவரும் பக்கத்தில் இருக்கிறவர் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். உன் அப்பா வெளியே முரசுக் கோலோடு காத்திருந்திருக்கிறார், மரத்தடிக்கு ஒருவரும் வராததால் என்ன ஆயிற்றோ என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். முன் வரிசையில் அத்தை. நான் அந்த வீட்டில் வாழ வந்து முப்பத்தோரு வருஷம், அந்த அக்காளும் தம்பியும் ஒரே அறையில் ஒரே பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தை தலையைத் திருப்பாமலே, "கதவுகிட்ட நிக்கறது யாரு?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாராம். உங்க தம்பிதான் என்றாளாம். "நிக்கட்டும்" என்றாராம்.

இவ்வளவும் நடந்து என்ன பயன்? பரிசு கிடைக்கவில்லை. ஆக்லாந்திலிருந்து வந்த நடுவரம்மா எழுந்து, இந்த விழாவில் கேட்டதிலேயே நல்ல எழுத்து இதுதான் என்றார், பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து, மேடை ஏறுகிறவர் மாணவராகவோ இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவராகவோ இருக்கவேண்டும் என்று படித்தார். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. முதல் பரிசு அந்த வால் பிரிந்த திமிங்கிலத்துக்குப் போயிற்று, தைத்தவள் நான் என்பதற்காக ஒரு கைதட்டல்கூட இல்லை. ஆனால் கலைந்து போகும்போது அந்த நடுவரம்மா லூபேயைக் கூப்பிட்டு, சுவாவுக்குப் போக எழுத்தாளர் இடம் ஒன்று தனியாக இருக்கிறது, இருபத்தெட்டாம் தேதி தலைநகர் நுகுஅலோஃபாவில் எல்லாத் தீவுப் பிள்ளைகளும் கூடுகிறார்கள், அங்கே வந்து நீயே நடித்துக் காட்டு, உன் அம்மாவை அனுப்பாதே என்றாராம். லூபே என் முகத்தைப் பார்த்தாள். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

அத்தை என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நேராக மேடைக்கு வந்தார். நான் மடித்து வைத்திருந்த உன் சட்டையை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். தம்பி வீட்டில் எது பிடித்தாலும் எடுத்துக்கொள்ள அக்காளுக்கு உரிமை உண்டு, என் நல்ல பாய்கள் மூன்று அப்படித்தான் போயின, நான் வாய் திறந்ததில்லை. ஆனால் அந்தச் சட்டையை எடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாசலில், அண்ணி, அது மட்டும் வேண்டாம், வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. அவர் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் என் பக்கம் பார்க்கவில்லை. இன்று காலை ஆறு மணிக்கு வந்து அதைத் திரும்பக் கொடுத்தார். கிழிந்த பையைத் தைத்திருக்கிறார். தையல்காரி வீட்டுச் சட்டையை எடுத்துப்போய்த் தைத்திருக்கிறார் பார், அதுவும் எவ்வளவு கோணலாக, கண் தெரியாது அவருக்கு, நூல்கூட வேறு நீலம். நான் பிரித்துத் தைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். லூபே நுகுஅலோஃபா போகலாமா அண்ணி என்று கேட்டேன். "தடுத்தது நான் இல்ல. அண்ணங்காரன் கேட்டான், நான் சொன்னேன். அவனே போன் போட்டு, போகட்டும் அத்தைன்னு சொல்லட்டும். அவன் வாயால கேக்காம நான் பேச்சை மாத்த மாட்டேன்" என்றார்.

ஆகவே செமிசி, இப்போது எல்லாம் உன் ஒரு போனில் நிற்கிறது. தோமாசி வியாழக்கிழமை உன்னிடம் வந்து சேருவான், இருபத்தெட்டுக்கு ஒரு வாரம் இருக்கிறது, இருபத்தாறாம் தேதி காலையில் கப்பல். அத்தை சாயங்கால ஜெபத்துக்கு முன் ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பார், அதற்கு முன்னால் தூங்குவார், எழுப்பினால் எல்லாம் கெட்டுப்போகும். நான் சொல்லித்தான் கூப்பிடுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே. போனைப் போடுவதற்கு முன்னால் தோமாசியிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார். வியாழக்கிழமை எடுத்ததை இல்லை, அதில் உன் தங்கை இருக்கிறாள், நீ பார்க்க மாட்டாய், பார்க்கவும் வேண்டாம். சனிக்கிழமையும் எடுத்திருக்கிறான், அதைப் பார். அதில் இருப்பது நான். அம்மாவைப் பார்ப்பதற்கு எந்த முறையும் குறுக்கே நிற்காது, ஆகவே பாதியில் எழுந்து போக உனக்கு ஒரு சாக்கும் கிடையாது. கடைசி வரை உட்கார்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள், கிடங்கு வேலையில் முதுகை வளைத்துத் தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. டப்பா இறைச்சியையே தின்றுகொண்டிருக்காதே, கீரை வாங்கிச் சமை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போ. கர்த்தர் உன்னைப் போக்கிலும் வரவிலும் காப்பாராக, உன் கைவேலை அனைத்தையும் ஆசீர்வதிப்பாராக. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், இப்போதும் பன்றிகளிடம்தான் இருக்கிறார், ஆனால் சனிக்கிழமையிலிருந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். பொட்டலத்தில் உன் சட்டை இருக்கிறது. போட்டுப் பார்க்காதே, நீ பெருத்திருப்பாய், அத்தை போட்ட தையல் தாங்காது. லூபே உனக்கு எதுவும் சொல்லச் சொல்லவில்லை. பொட்டலத்தை மட்டும் அவள்தான் கட்டினாள், முடிச்சை அறுக்காமல் அவிழ்.

இந்தச் சனிக்கிழமை துவைக்க என்னிடம் ஒன்றுமில்லை என்ற எரிச்சலோடு,
உன் அம்மா,
லவினியா.